தாயம் போட்ட ராஜாவும் சகலை சொன்ன பயணியும்

1929இல் வந்த ‘பிரபஞ்ச பாஷ்’ என்ற ஊமைப்படத்தின் கதை இதுதான். எல்லை உரசிக்கொள்ளும் இரண்டு நாடுகள். இரண்டு ராஜாக்கள், ஒருவர் ரஞ்சித், மற்றவர் சோகன். இருவருக்கும் தாயக்கட்டை கையில் இல்லாவிட்டால் பொழுது போகாது. இருவரும் ஆசைப்படுவது ஒரே பெண்ணை. அவள் பெயர் சுனிதா. அவளுடைய தகப்பன் கண்வர் அரண்மனைச் சூதாட்டம் பிடிக்காமல் காட்டுக்கு வந்து குடிசை போட்டவர். “சூதாடுகிறவனுக்கு என் மகளைத் தர மாட்டேன்” என்கிறார். கதையில் மூளை உள்ள ஒரே ஆள் அவர்தான். ஆகவே அவரைக் கொன்றுவிடுகிறார்கள்.

லண்டனில் இதைக் காதல் காவியம் என்கிறார்கள். இலங்கையில், புத்தளம் பக்கத்துப் பள்ளிவாசல்துறையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இது முழுநீள நகைச்சுவைப் படமாகத்தான் ஓடியது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் படத்தை எடுத்தவர்களைப் பார்ப்போம். அவர்களுடைய கதையும் அரண்மனைக் கதைக்குக் குறைந்ததில்லை.

தயாரிப்பாளர் ஹிமான்சு ராய். சட்டம் படிக்க லண்டன் போய், வழக்குப் பேசுவதைவிட வேடம் கட்டுவது சுகம் என்று கண்டுகொண்ட வங்காளி. பணம் போடுகிறவருக்கு ஒரு வசதி உண்டு, பிடித்த வேடத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம். 1925இல் ‘பிரேம் சன்யாஸ்’ படத்தில் அவர்தான் புத்தர். 1928இல் ‘ஷிராஸ்’ படத்தில் தாஜ்மகாலுக்கு வடிவம் கொடுத்த குயவர் வீட்டுப் பிள்ளை. 1929இல் இந்தப் படத்தில் வில்லன் சோகன். நான்கே வருடத்தில் போதி மரத்தடியிலிருந்து பொய்த்தாயத்துக்கு இறங்கி வந்த மனிதர் உலக சினிமாவில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

இயக்குநர் ஃப்ரான்ஸ் ஆஸ்டன், ஜெர்மனியின் மியூனிக்காரர். இந்திய ராஜாக்கள் எப்படி உட்காருவார்கள், எப்படிக் காதலிப்பார்கள், எப்படித் தோற்பார்கள் என்று இந்தியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மியூனிக்கிலிருந்து வந்தவர். ஊமைப்படத்துக்கு மொழி வேண்டாம் என்பதால் அப்போது சிக்கல் இல்லை. பேசும்படம் வந்த பிறகும் அவர் கவலைப்படவில்லை. ‘அச்சூத் கன்யா’ உட்பட எத்தனையோ இந்திப் படங்களை எடுத்தார். நடுவில் 1936இல் நாஜிக் கட்சியிலும் சேர்ந்துகொண்டார். 1939இல் யுத்தம் வந்ததும் வெள்ளைக்காரன் பிடித்து உள்ளே வைத்தான். கதை எழுதியவர் நிரஞ்சன் பால். அவருடைய தகப்பன் பிபின் சந்திர பால், லால் - பால் - பால் என்ற மூவரில் ஒருவர், வெள்ளையனை வெளியே போகச் சொன்னவர். மகனோ வெள்ளையனின் கம்பெனியும் ஜெர்மன்காரனின் கம்பெனியும் சேர்ந்து போட்ட காசில் ராஜா கதை எழுதினார். சுனிதாவாக நடித்த சீதா தேவியின் சொந்தப் பெயர் ரெனே ஸ்மித். முனிவர் மகளாக இருக்க ஸ்மித் வீட்டுப் பெண்தான் கிடைத்தாள். நல்ல குடும்பத்துப் பெண்கள் சினிமாவுக்கு வரமாட்டார்கள் என்று நல்ல குடும்பத்து ஆண்கள் முடிவுகட்டியிருந்த காலம் அது. வந்த ஆங்கிலோ இந்தியப் பெண்ணை அதே ஆண்கள்தான் காசு கொடுத்து வரிசையில் நின்று பார்த்தார்கள்.

நிஜ ராஜாக்களும் பின்வாங்கவில்லை. ஜெய்ப்பூர், உதய்ப்பூர், மைசூர் அரண்மனைகள் உதவிக்கு வந்தன. 10,000 துணை நடிகர்கள், 1,000 குதிரைகள், 50 யானைகள் என்று விளம்பரம் செய்தார்கள். எண்ணிப் பார்த்தவர் யார் என்று கேட்கக் கூடாது. ஆனால் திரையில் யானைகள் வந்துகொண்டே இருப்பது உண்மை. 1929இல் ஓர் இந்திய மகாராஜாவுக்கு யுத்தம் செய்ய அனுமதி இல்லை, வரி கூட்டவும் வெள்ளைக்கார ரெசிடெண்டின் முகத்தைப் பார்க்க வேண்டும். மிச்சம் இருந்த ராஜ காரியம், யானையைச் சினிமாவுக்கு இரவல் கொடுப்பது. அதைக் குறைவில்லாமல் செய்தார்கள்.

இனி விறாந்தைக்கு வருவோம். கொழும்பில் படிக்கும் மருமகன் லேப்டாப்பில் படத்தைக் கொண்டுவந்திருந்தான். இஷா தொழுகை முடிந்து, சாப்பாடு முடிந்து, பிளேன்டீ வந்த நேரம். உம்மும்மா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“வாய் அசையிது, சத்தத்தக் காணோம். மெசின் பழுதா?”

“ஊமைப்படம் உம்மும்மா. அப்ப சத்தம் இல்ல.”

“அப்ப நாமதான் பேசணுமா?”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ரஞ்சித்துக்கும் சோகனுக்கும் புத்தளத்துத் தமிழ்தான். ஊமைப்படக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஓர் ஆளை வைப்பார்களாம். ரயில்வே வேலையை விட்டுவிட்டு 1905இலிருந்து கூடாரமும் புரொஜெக்டருமாக ஊர் ஊராகப் படம் காட்டித் திரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், உம்மும்மாவைச் சம்பளம் பேசிக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்.

வேட்டைக்குப் போன இடத்தில் ரஞ்சித்துக்கு அடிபடுகிறது. கூட வந்த சோகன் செய்த சதி. ராஜாவைத் தூக்கிக்கொண்டு போய் முனிவர் குடிசையில் கிடத்துகிறார்கள். சுனிதா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறாள். உம்மும்மா ஒரே வரியில் அடுத்த அரைமணி நேரத்துக் கதையைச் சொல்லிவிட்டார்: “மருந்து கட்டுற ஊட்டுல குமருப்புள்ள ஈந்தா காயம் லேசுல ஆறாது.”

கண்வர் சம்பந்தத்தை மறுக்கும் இடத்தில் வீட்டில் பெரிய மரியாதை. “எங்கட வாப்பாவும் இதத்தான் செஞ்சார்” என்றார் உம்மும்மா. “மாப்பிள சீட்டுல முந்நூத்தி நாலு ஆடுறாண்டு கேள்விப்பட்டார். வந்த வட்டிலாப்பத்தையும் திருப்பி அனுப்பிட்டார்.” இந்த ஒரு விஷயத்தில் இந்து முனிவரும் பள்ளிவாசல்துறையின் பழைய மனிதர்களும் ஒரே மத்ஹபு.

கண்வர் என்ற பெயரும் சும்மா வந்ததில்லை. காட்டில் ஆசிரமம், வளர்ந்த பெண், வேட்டைக்கு வந்த ராஜா, இதெல்லாம் சகுந்தலையின் வீட்டுச் சாமான். தாயக்கட்டை பாண்டவர் வீட்டுச் சாமான். நிரஞ்சன் பால் இரண்டு வீட்டிலும் எடுத்து ஒரே அறையில் போட்டுவிட்டார். ராத்தாவுக்குச் சகுந்தலையும் தெரியாது, சபாபர்வமும் தெரியாது. ஆனால் ரஞ்சித் சொத்தெல்லாம் இழந்து கடைசியில் சுனிதாவையும் இழந்து நிற்கும்போது அவள் கேட்டாள்: “மஹர் குடுக்கல்ல, நிக்காஹ் முடியல்ல. இன்னொருத்தர்ட புள்ளையப் பந்தயம் வைக்க இவன் ஆரு?” அஸ்தினாபுரத்துச் சபையில் திரௌபதி கேட்டதும் ஏறக்குறைய இதுதான். அங்கே பீஷ்மர் தருமம் நுட்பமானது என்று சொல்லித் தாடியைத் தடவினார். இங்கே மச்சான், “கள்ளத்தாயம் தானே புள்ள, அவனுக்குத் தெரியாது” என்று ராஜாவுக்காக வக்காலத்து வாங்கினார். கடலுக்குப் போகிறவர். மீன் இல்லாத நாளிலும் நாளைக்குப் படும் என்று கடன் வாங்கி மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர். சூதாடியின் மனம் அவருக்குப் புரியாமல் யாருக்குப் புரியும்?

ரஞ்சித்தின் பிரச்சினை கள்ளத்தாயம் மட்டும் இல்லை. முதல் ஆட்டத்தில் தோற்கிறான், சரி. இரண்டாவதில் தோற்கிறான், போகட்டும். எதிரே இருப்பவன் தன்னைக் கொல்லப் பார்த்த ஆள். அவன் தந்த கட்டை ஒரு தடவைகூடத் தனக்குச் சாதகமாக விழவில்லை என்றால், ஒரு சின்னப் பிள்ளையும் கட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும். ராஜா பார்க்க மாட்டார். பார்த்தால் மரியாதை குறைந்துவிடும். மரியாதையைக் காப்பாற்ற நாட்டைக் கொடுத்துவிட்டார். கள்ளத்தாயம் வெளுத்த பிறகு சனங்கள் படையாகத் திரண்டு போய்ச் சோகனின் கோட்டையை உடைக்கிறார்கள். தங்களைத் தாயத்தில் வைத்துத் தோற்ற அதே ராஜாவை மீட்டுக்கொண்டு வந்து மறுபடியும் ராஜாவாக்குகிறார்கள். சிரிக்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். அந்தப் 10,000 பேரில் ஒருவனாவது, “இந்தாள் நாளைக்கு மறுபடி ஆடமாட்டார் என்று என்ன நிச்சயம்?” என்று கேட்டிருக்கலாம். ஊமைப்படம், கேட்டிருந்தாலும் நமக்குக் கேட்காது.

முத்தக் காட்சி ஒன்று உண்டு. நிஜ முத்தம். இரண்டு ரோஜாப்பூக்கள் உரசிக்கொள்ளும் பிற்கால வேலை எல்லாம் இல்லை. மருமகன் லேப்டாப் மூடியைப் பாதிக்குச் சாய்த்தான். “தொறடா, நீ பொறந்த கதையும் இதுதான்” என்றார் உம்மும்மா. 1929இன் சென்சாருக்கும் உம்மும்மாவின் கொள்கைதான். வெள்ளைக்காரன் முத்தத்துக்குப் பயப்படவில்லை. அவன் பயந்தது கதர்த் தொப்பிக்கு. 1921இல் வந்த ‘பக்த விதுரன்’ படத்தில் விதுரர் காந்தியைப் போலத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார் என்பதற்காக மதராஸில் தடை போட்டான். உதடுகள் சேரலாம், சனங்கள் சேரக் கூடாது.

இந்தப் படம் நம் லேப்டாப் வரைக்கும் உயிரோடு வந்தது சாதாரண விஷயமில்லை. இந்தியாவில் சுமார் 1,300 ஊமைப்படங்கள் எடுத்தார்கள். மிஞ்சியவை, துண்டு துணுக்குகளையும் சேர்த்து, முப்பதுக்கும் குறைவு. அக்காலத்துச் சுருள் நைட்ரேட்டில் செய்தது. பருத்தியை அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் வெடிமருந்துக்கு அது சொந்தத் தம்பி. எரியத் தொடங்கினால் எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. எரியாமல் விட்டாலும் வெக்கையிலும் ஈரத்திலும் பிசுபிசுத்து, பழுப்புத் தூளாகிப் போகும். அதற்கும் தப்பியதை வெள்ளிக்காக உருக்கினார்கள். பிரபஞ்ச பாஷ் தப்பியதற்கு ஒரே காரணம், அது பாதி வெள்ளைக்காரச் சொத்து. குளிர்ந்த நாட்டில், பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் காப்பகத்தில் கிடந்தது. இந்தியச் சுதந்திரத்தின் 60ஆம் ஆண்டுக்கென்று அங்கேயே துடைத்து, கீறல் நீக்கி, நிதின் சாஹ்னியை வைத்துப் புதிதாக இசை எழுதி, 2007 ஆகஸ்டில் லண்டன் டிரஃபல்கர் சதுக்கத்தில் நெல்சன் தூணுக்குக் கீழே சிம்பொனி வாத்தியக் குழுவோடு திரையிட்டார்கள். இந்தியா சுதந்திரம் பெற்றதை இங்கிலாந்து கொண்டாடிய விதம் இது. எடுத்துக்கொண்டு போன சாமான்களில் ஒன்றைப் பளிச்சென்று துலக்கி, பொதுச் சந்தியில் வைத்துக் காட்டியது.

மீட்பு வேலையில் எனக்குப் பிடித்தது வேகத்தைச் சரிசெய்வது. அந்நாளில் காமிராவைக் கையால் சுற்றுவார்கள். சுற்றுகிறவரின் கை வலியைப் பொறுத்து நொடிக்கு 16 படம், 18, 20 என்று மாறும். பேசும்படம் வந்ததும் 24 என்று கட்டிவிட்டார்கள். பழைய சுருளை 24இல் ஓட்டினால் சக்கரவர்த்தி சூடுபட்ட கோழியாக ஓடுவார். சாவு வீடும் சிரிப்பாகிவிடும். நாம் ஊமைப்படம் என்றாலே சிரிப்புப்படம் என்று நினைத்து வளர்ந்ததற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குப் பிழை. மீட்டெடுத்த பிரதியில் ராஜாக்கள் ராஜாக்களைப் போலவே நடக்கிறார்கள். அப்படி இருந்தும் எங்கள் வீட்டில் சிரித்தார்கள் என்றால் குற்றம் காமிராவில் இல்லை.

நமக்கும் ஓர் அரண்மனைப் படம் இருந்தது. 1925இல் நூர்பாய் என்ற வியாபாரி எடுத்த ‘ராஜகீய விக்கிரமய’. இலங்கையில் எடுத்த முதல் கதைப்படம். பம்பாயில் ஓடியது, சிங்கப்பூரில் ஓடியது. சொந்த ஊரில் திரைக்கு வருமுன் சுருள் எரிந்து போனது. ஆகவே இலங்கையின் முதல் படத்தை இலங்கையில் ஒருவரும் பார்க்கவில்லை. அதில் நடித்தவர் இருபது வயது என்.எம். பெரேரா. அவரேதான், பின்னாளில் சமசமாஜக் கட்சியின் தலைவர், நிதி மந்திரி. ராஜசாகசப் படத்தில் வேடம் கட்டியவர், 1972இல் இங்கிலாந்து ராணியை நமது நாட்டின் தலைமையிலிருந்து இறக்கிவிட்ட மந்திரிசபையில் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன் 1970இல் 50 ரூபாய், 100 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து, தலையணைக்குள் நோட்டு வைத்திருந்த முதலாளிமாரையும் ஊமைப்பட நடிகர்களாக்கினார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்தப் படம் மட்டும் எரியாமல் இருந்திருந்தால் வரவுசெலவு விவாதங்களில் எதிர்க்கட்சிக்குப் பேச வேறு விஷயமே தேவைப்பட்டிருக்காது.

உண்மையில் எங்கள் கரைக்கு ஜெய்ப்பூர் யானை தேவையில்லை. இங்கிருந்து வடக்கே, கடலேரி தாண்டி, வில்பத்துக் காட்டோரம் குதிரைமலை இருக்கிறது. ஆண்வாடையே ஆகாது என்று ஆட்சி செய்த அல்லி அரசாணியின் கோட்டை அங்கேதான் இருந்தது என்பது எங்கள் பக்கத்துக் கதை. அவளுக்கும் வந்து வாய்த்தது பாண்டவ வீட்டுப் பிள்ளை. அண்ணன் பெண்டாட்டியைச் சூதில் தோற்பான், தம்பி அர்ச்சுனன் ஊர் ஊராகப் பெண் கட்டுவான். நேரில் கேட்டால் கிடைக்காது என்று பாம்பு வேடத்தில் உள்ளே போய், தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டினான். வீரனாம்.

அது கதை. நடந்ததாகவே ஒருவர் எழுதிவைத்த அரண்மனைக் காட்சியும் புத்தளத்துக்கு உண்டு. 1344இல் உலகம் சுற்றிய பயணி இப்னு பதூதா கப்பலில் வந்து சேர்கிறார். வருவது மாலைதீவிலிருந்து. அங்கே காழியாக இருந்து, நான்கு நிக்காஹ் செய்து, பெண்கள் மேலாடை போட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்று சட்டம் போட்டு, அதை ஒருத்தியும் காதில் வாங்கவில்லை என்று தாமே எழுதிவைத்து, அதிகாரிகளோடு முறுகிக்கொண்டு கிளம்பியவர். போக நினைத்தது மாபார் கரைக்கு, மதுரை சுல்தானிடம். காற்று இங்கே தள்ளிவிட்டது. அவர் பத்தாலா என்று எழுதும் இந்த இடத்தில் ஆரியச்சக்கரவர்த்தியின் மாளிகை. மரத்தால் மதில், மரத்தால் கோபுரம். கரை முழுக்க வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள். கப்பல் தலைவனுக்கு இறங்கப் பயம், ராஜா கடற்கொள்ளைக் கப்பல் வைத்திருக்கிறார் என்று. பதூதா, “என்னை மட்டும் இறக்கு, நான் பேசிக்கொள்கிறேன்” என்றார்.

கரையில் ஆட்கள் வந்து யார் என்று கேட்டார்கள். அவர் ஆலிம் என்று சொல்லவில்லை, காழி என்று சொல்லவில்லை, உலகம் சுற்றியவன் என்றும் சொல்லவில்லை. “நான் மாபார் சுல்தானின் சகலை” என்றார். அது பொய்யும் இல்லை. அவருடைய மனைவியருள் ஒருத்தியின் சகோதரிதான் சுல்தான் கியாசுத்தீனின் மனைவி. எந்தக் காலத்திலும் இந்தக் கரையில் செல்லுபடியாகும் அடையாள அட்டை அதுதான். இன்றைக்கும் பொலிஸ் மறித்தால் முதலில் எடுத்து நீட்டுவது அந்த அட்டையைத்தான்.

ராஜா மரியாதையாக வரவேற்றார். பார்சி மொழி விளங்குகிற ராஜா, ஊர்க்கதை கேட்பதில் ஆசையுள்ளவர். முன்னால் முத்துக்கள் குவிந்து கிடக்கின்றன, சலாபத்தில் எடுத்தவை, ஆட்கள் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். “உங்கள் பக்கத்தில் முத்துக்குளிப்பு உண்டா?” என்று ராஜா கேட்டார். பாரசீகக் குடாவில் பார்த்திருக்கிறேன் என்றார் விருந்தாளி. ராஜா சில முத்துக்களைக் கையில் எடுத்து, “இப்படிப்பட்டவை அங்கே உண்டா?” என்றார். “நான் கண்டதெல்லாம் இதைவிட மட்டம்” என்றார் பதூதா. முத்துக்கள் அப்போதே அவர் கைக்கு வந்துவிட்டன. வெட்கப்படாமல் வேண்டியதைக் கேள் என்றும் சொன்னார் ராஜா. ரஞ்சித் கட்டையை உருட்டி ஒரு நாட்டை இழந்தான், இந்த மனிதர் நாக்கை உருட்டி ஒரு கை முத்தை எடுத்தார். பாவாதமலை என்ற சிவனொளிபாதமலை ஏற வேண்டும் என்று கேட்டார். பல்லக்கு, தூக்க ஆட்கள், வழிகாட்ட நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், கூட வரப் பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர். கொள்ளைக்காரன் என்று பயந்த கப்பல் தலைவன், ராஜா வீட்டுச் சாப்பாட்டில் உட்கார்ந்துகொண்டு, “ஒரு வருடமானாலும் காத்திருப்பேன்” என்றான்.

மலை ஏறித் திரும்பி, புத்தளத்திலிருந்து மாபாருக்குப் போகும்போது கப்பல் உடைந்தது. அக்கரையில் தப்பி ஒதுங்கியவர் சகலைக்கு ஆள் அனுப்பினார். இரண்டு சகலைகளும் சேர்ந்து உட்கார்ந்து போட்ட திட்டம், மாலைதீவுக்குப் படை எடுத்துப் போவது. படை இறங்கியதும் அந்த நாட்டு அரசியின் தங்கையை சுல்தானுக்குக் கட்டிவைப்பது. கப்பல்களும் ஆயத்தமாகின. இதற்கிடையில் ஒரு யோகி, வீரியம் கூட்டும் என்று இரும்புத்தூள் கலந்த குளிசை செய்து சுல்தானுக்குக் கொடுத்தான். சுல்தான் சொன்ன அளவைவிடக் கூடுதலாக விழுங்கினார். படுத்தார். படுத்தவர் எழும்பவில்லை.